பந்தியிலிருந்து எழுப்பப்படுவது யார்?

2021-ஆம் ஆண்டு மே மாதம். கொரோனாவின் இரண்டாவது அலை நாடெங்கும் வீசிக்கொண்டிருந்த நேரம். கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் என் அத்தை காலமாகிவிட்டார். வயது எண்பத்தேழு. நான் நாலாம் வகுப்பு படிக்கும்போதே என் தாயார் போய்விட்டார். என்னை வளர்த்து, பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படிக்க வைத்து, புளிசாதப் பொட்டலத்துடன் நாக்பூருக்கு ரயிலேற்றி விட்டவர் அந்த அத்தைதான்.

ஊருக்குப் போக வழியில்லை. அத்தை மகன் போன் செய்தார். "மாப்ளே, நீ இந்த நேரத்துல கிளம்பி வராதே. நான் போன்லயே எல்லாத்தையும் காட்டுறேன், பாத்துக்க" என்றார்.

கைப்பேசித் திரை சிறியது. என் மனைவிக்குப் பார்வை குறைவு. எனவே கூடத்தில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் வீடியோ அழைப்பைப் போட்டோம். என் மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்பதால் அப்போது பேரன் எங்களோடு இருந்தான். பதினொரு வயது. பள்ளிக்கூட ஆன்லைன் வகுப்பும் அதே கம்ப்யூட்டரில்தான். அவன் திறந்து வைத்த பாடப் பக்கங்கள், ஓவியம், கார்ட்டூன் எல்லாம் பின்னால் அப்படியே கிடந்தன. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

வாய்க்கரிசி போடும் நேரம். அத்தான் போனை அத்தையின் முகத்துக்கு அருகே கொண்டுபோனார். அந்த நொடியில் படம் மறைந்தது. கரண்ட் போகவில்லை, இன்டர்நெட்டும் போகவில்லை. வீடியோ ஓடிக்கொண்டிருந்த பக்கம் மட்டும் வெறுமையாகிவிட்டது. பதறிப்போய் மறுபடி திறந்து, மறுபடி இணைத்து, அத்தான் எடுத்துப் பேசுவதற்குள் ஆறேழு நிமிடங்கள் ஓடிவிட்டன. அதற்குள் பாடை தெருமுனை திரும்பிவிட்டது.

பக்கத்தில் பேரன் நின்றிருந்தான். "எதடா தொட்டே?" என்று கத்தினேன். கையையும் ஓங்கிவிட்டேன். "நான் எதையும் தொடலை தாத்தா" என்று அழுதுகொண்டே உள்ளே ஓடிப்போனான்.

அவன் சொன்னது நிஜம் என்பது எனக்குத் தெரிய மூன்று நாட்கள் ஆயின. அந்த மூன்று நாட்களுக்குப் பிறகு நான் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் கம்ப்யூட்டரும் கைப்பேசியும் வைத்திருக்கும் எல்லோருக்கும் இது பயன்படும்.

நாட்குறிப்பில் இருந்த ஒரு வரி

நான் ரயில்வேயில் சிக்னல் - தொலைத்தொடர்புப் பிரிவில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தவன். ஸ்டேஷனில் ஒரு சிக்னல் காரணமில்லாமல் சிவப்புக்குப் போனால், யாரையும் குற்றம் சொல்வதற்கு முன் டேட்டா லாகரைத்தான் பார்ப்போம். எந்த ரிலே எந்த நொடியில் எழுந்தது, எந்த ரிலே விழுந்தது என்று ஒன்றுவிடாமல் குறித்து வைக்கும் கருவி அது. வேலையில் இத்தனை ஒழுங்காக இருந்த எனக்கு, வீட்டில் அந்தப் புத்தி வரவில்லை.

புனேயில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் என் மகன்தான் அதை நினைவுபடுத்தினான். "அப்பா, கம்ப்யூட்டருக்கும் டேட்டா லாகர் உண்டு. நான் சொல்ற கட்டளையை அடிச்சு, என்ன வருதுன்னு படிங்க" என்றான். அந்தக் கம்ப்யூட்டரில் அவன் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தான். நூற்றுக்கணக்கான வரிகள் ஓடின. நடுவில் ஒரு வரி: "அவுட் ஆஃப் மெமரி: கில்ட் ப்ராசஸ்". அதாவது, நினைவகம் தீர்ந்துவிட்டது, இன்ன புரோகிராமைக் கொன்றுவிட்டேன் என்று வாக்குமூலம். நேரத்தைப் பார்த்தேன். படம் மறைந்த அதே நிமிடம்.

கொன்றது கெர்னல். ஆபரேட்டிங் சிஸ்டத்தின் நடுநாயகமான பகுதி அது. கம்ப்யூட்டருக்குள் ஓடும் ஒவ்வொரு வேலைக்கும் இடமும் நேரமும் ஒதுக்கிக் கொடுக்கும் ஸ்டேஷன் மாஸ்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் ப்ராசஸ் என்று பெயர். நினைவகம் அடியோடு தீரும்போது ஒரு ப்ராசஸைத் தேர்ந்தெடுத்துக் கொல்வதற்கென்றே கெர்னலுக்குள் ஒரு பகுதி இருக்கிறது. அதன் பெயர் ஓ.ஓ.எம். கில்லர். ஃபின்லாந்துக்காரரான லீனஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கியது லினக்ஸ். அதில் இந்தப் பகுதியை 1998-இல் எழுதியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த ரிக் வான் ரீல்.

ஆயிரம் அழைப்பிதழ், அறுநூறு சாப்பாடு

நினைவகம் தீரும் என்று தெரிந்தும் கெர்னல் ஏன் எல்லோருக்கும் இடம் கொடுத்தது? "இடமில்லை" என்று முதலிலேயே சொல்லியிருக்கலாமே? எனக்கும் இந்தக் கேள்விதான் முதலில் எழுந்தது.

நம் வீட்டுக் கல்யாணத்தை நினைத்துப் பாருங்கள். ஆயிரம் அழைப்பிதழ் கொடுக்கிறோம். சமையல்காரரிடம் அறுநூறு பேருக்குத்தான் சொல்கிறோம். எல்லோரும் வரமாட்டார்கள் என்ற அனுபவம். பெரும்பாலும் அந்தக் கணக்குப் பலிக்கிறது. ஆயிரம் பேருக்குமே சமைத்தால் நானூறு பேர் சாப்பாடு வீணாகும்.

லினக்ஸும் இப்படித்தான் செய்கிறது. புரோகிராம்கள் "எனக்கு இவ்வளவு நினைவகம் வேண்டும்" என்று தாராளமாகக் கேட்கும். கேட்டதில் பெரும்பகுதியைத் தொடவே தொடாது. ஆகவே கெர்னல் கேட்டவர்களுக்கெல்லாம் சரி என்று சொல்லிவிடுகிறது. நிஜமான இடத்தைக் கொடுப்பது, அந்தப் புரோகிராம் அந்த இடத்தில் முதல்முறை எதையாவது எழுதும்போதுதான். அதுவும் சிறு துண்டுகளாக. சாதாரணக் கம்ப்யூட்டரில் ஒரு துண்டு 4,096 பைட். இதற்குப் பக்கம் என்று பெயர். 4 ஜி.பி. நினைவகம் என்றால் மொத்தம் 10,48,576 பக்கங்கள். இருப்பதைவிட அதிகமாக வாக்குக் கொடுக்கும் இந்த வழக்கத்தை ஓவர்கமிட் என்கிறார்கள்.

இதில் இன்னொரு சிக்கனமும் உண்டு. ஒரு ப்ராசஸ் தன்னைப் போலவே இன்னொன்றைப் பிரதி எடுத்துக்கொண்டால், நினைவகத்தை உடனே இரட்டிப்பாக்குவதில்லை. இரண்டும் ஒரே பக்கங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. யாராவது ஒருவர் மாற்றி எழுதும்போது அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் தனிப்பிரதி. கூட்டுக் குடும்பத்தில் ஒரே பஞ்சாங்கத்தை எல்லோரும் பார்ப்பதைப் போல.

விண்டோஸ் இந்த விஷயத்தில் கட்டுப்பெட்டி. ராமும், வட்டில் ஒதுக்கிய பேஜ் ஃபைலும் சேர்ந்து எவ்வளவோ அதற்கு மேல் வாக்குக் கொடுக்காது. இல்லை என்று சொல்லிவிடும். அந்தப் பதிலைச் சமாளிக்கத் தெரியாத புரோகிராம் தானே விழும். லினக்ஸையும் அப்படிக் கண்டிப்பாக நடந்துகொள்ளச் சொல்ல வழியிருக்கிறது. போஸ்ட்கிரெஸ் என்ற புகழ்பெற்ற டேட்டாபேஸின் கையேடு, அதை இயக்கும் சர்வர்களுக்கு அந்தக் கண்டிப்பையே பரிந்துரைக்கிறது. ஆனால் வீட்டு உபயோகத்தில் தாராளக் கணக்குதான் வழக்கம்.

தாராளக் கணக்கு என்றாவது ஒருநாள் பொய்க்கும். அழைத்த ஆயிரம் பேரும் வந்து பந்தியில் உட்கார்ந்துவிட்டால்? அப்போதுதான் யாரை எழுப்புவது என்ற கேள்வி வருகிறது. சாப்பிட உட்கார்ந்தவரைப் பாதியில் எழுப்புவது நம் மரபில் எப்பேர்ப்பட்ட பாவம் என்பது சொல்லத் தேவையில்லை. கெர்னலும் அதை எடுத்த எடுப்பில் செய்வதில்லை.

எழுப்புவதற்கு முன்

முதலில் கெர்னல் வீட்டைக் கூட்டிப் பெருக்குகிறது. வட்டிலிருந்து படித்து, "மறுபடி தேவைப்படலாம்" என்று வைத்திருந்த கோப்புகளின் நகல்களைத் தூக்கி எறிகிறது. அசல் வட்டில் பத்திரமாக இருப்பதால் நஷ்டமில்லை. மாற்றி எழுதப்பட்டு இன்னும் சேமிக்கப்படாதவற்றை வட்டில் எழுதிவிட்டு அந்த இடத்தையும் மீட்கிறது. அடுத்து, வெகுநேரமாக யாரும் தொடாத பக்கங்களை ஸ்வாப் என்ற வட்டுப் பகுதிக்கு மாற்றுகிறது. பந்திக்கு இடம் வேண்டுமென்று கட்டில், பீரோவைக் கொல்லைப்புறத்தில் வைப்பது போல. வட்டு ராமைவிட மிகவும் மெதுவானது என்பதால் இந்தக் கட்டத்தில் கம்ப்யூட்டர் திணறும், மவுஸ் நகராது. ஆனால் யாரும் சாகமாட்டார்கள்.

என் கம்ப்யூட்டரில் ஸ்வாப் பகுதியே இல்லை. வட்டு சிறியது என்பதால் மகன் அதை வைக்கவில்லை. கொல்லைப்புறம் இல்லாத வீடு. அதனால் திணறல் என்ற முன்னறிவிப்புகூட இல்லாமல் நேராகக் கடைசிக் கட்டத்துக்குப் போய்விட்டது.

கடைசிக் கட்டத்திலும் கொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? கெர்னலின் சொந்த வேலைகளுக்கே இடமில்லாமல் முழு இயந்திரமும் உறைந்துவிடும். மின்சாரத் துறையில் இருந்தவர்களுக்கு இது புரியும். கிரிடின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து அபாயகரமாக இறங்கினால், ரிலேக்கள் சில பகுதிகளின் மின்சாரத்தைத் தாமே துண்டிக்கும். சில ஊர்கள் இருளும், கிரிட் பிழைக்கும். அது பிழைக்காமல் போனால் நேர்வதை 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா பார்த்தது. தில்லி மெட்ரோ நின்றது, நூற்றுக்கணக்கான ரயில்கள் வழியில் நின்றன. ஒன்றை இழந்து மற்றதைக் காப்பாற்றுவது என்ற கொள்கையில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்த ஒன்று எது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கணக்குப் போடும் விதம்

கெர்னல் ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ்களை வரிசையாகப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் மார்க் போடுகிறது. இந்த மார்க் போடும் பகுதிக்கு அவர்கள் வைத்த பெயர் "பேட்னெஸ்", கெட்ட குணம். அதிக மார்க் வாங்கியவருக்கு மரணம். எல்லா ப்ராசஸ்களுக்கும் தாயான முதல் ப்ராசஸையும், கெர்னலின் சொந்த வேலையாட்களையும் இந்தத் தேர்விலிருந்து விலக்கிவிடுகிறது.

மார்க் எப்படி என்றால், அந்த ப்ராசஸ் நிஜமாகப் பிடித்து வைத்திருக்கும் ராம், அது ஸ்வாப்பில் வைத்திருப்பது, அதன் பக்கங்களுக்குக் கணக்கு வைக்கும் அட்டவணைகள் பிடித்த இடம், இவை மூன்றின் கூட்டுத்தொகை. சுருங்கச் சொன்னால், பெரிய இலைக்காரர் யாரோ அவர். ஒருவரை எழுப்பினால் அதிக இடம் கிடைக்கவேண்டும், பல பேரை எழுப்பக்கூடாது என்பது அதன் நியாயம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. கடைசியாக வந்து "இன்னும் கொஞ்சம் இடம்" என்று கேட்டவர் வேறு யாரோவாக இருக்கலாம். என் வீட்டில் பின்னால் ஓடிய கார்ட்டூன் பக்கம் கேட்டிருக்கலாம். கேட்டவர் ஒருவர், எழுந்து போனவர் இன்னொருவர். கேட்டவரையே கொல் என்று சொல்லவும் ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஆனால் வழக்கத்தில் அது நடப்பில் இல்லை.

மேற்சொன்ன மார்க்கோடு, நாம் கொடுக்கும் ஒரு திருத்தமும் சேரும். மைனஸ் 1000 முதல் பிளஸ் 1000 வரை ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ஒரு எண் கொடுக்கலாம். மொத்த நினைவகத்தை ஆயிரம் பங்காக வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. 4 ஜி.பி.யில் 1.6 ஜி.பி. பிடித்திருக்கும் புரோகிராமுக்கு 400 மார்க். 1 ஜி.பி. மட்டும் பிடித்திருப்பதற்கு 250. ஆனால் இரண்டாமவர் தலையில் பிளஸ் 300 என்ற திருத்தம் இருந்தால் அவர் மார்க் 550 ஆகிவிடும். சிறியவர் போவார், பெரியவர் தப்புவார். மைனஸ் 1000 கொடுத்துவிட்டால் அந்த ப்ராசஸை ஓ.ஓ.எம். கில்லர் தொடவே தொடாது.

சில பிரௌஸர்கள் தங்கள் ஒவ்வொரு பக்கத்தையும் தனி ப்ராசஸாக ஓட்டி, அவற்றின் தலையில் தாமே பிளஸ் எண்ணை எழுதி வைக்கின்றன. முழு பிரௌஸரும் போவதைவிட ஒரு பக்கம் போகட்டும் என்ற நல்லெண்ணம்தான். அத்தையின் முகம் தெரிந்துகொண்டிருந்தது அப்படிப்பட்ட ஒரு பக்கத்தில். வீடியோ என்பதால் கொழுத்த பக்கம். போதாதா?

தூர ஊரிலிருந்து சர்வரைப் பழுதுபார்க்க உள்ளே நுழைய உதவும் எஸ்.எஸ்.ஹெச். என்ற வாயில்காப்போன் புரோகிராம், லினக்ஸில் தனக்குத் தானே மைனஸ் 1000 போட்டுக்கொள்ளும். வீடு தீப்பற்றினாலும் தீயணைப்பவர் நுழையும் கதவு திறந்திருக்கவேண்டும் அல்லவா? இதில் ஒரு சட்டம் என்னைக் கவர்ந்தது. தன் எண்ணை உயர்த்திக்கொள்ள எந்தப் புரோகிராமுக்கும் உரிமை உண்டு. குறைத்துக்கொள்ள மட்டும் சிஸ்டம் நிர்வாகியின் அதிகாரம் வேண்டும். நான் முதலில் போகிறேன் என்று சொல்ல யார் அனுமதியும் வேண்டாம். என்னை விட்டுவிடுங்கள் என்று சொல்லத்தான் கையெழுத்து வேண்டும்.

பழைய கணக்கு

இந்த எளிய கணக்கு 2010-இல் வந்தது. டேவிட் ரியன்ட்ஜெஸ் என்பவர் மாற்றி எழுதியது. அதற்கு முந்திய கணக்கில் நுணுக்கங்கள் அதிகம். வெகுகாலமாக ஓடும் ப்ராசஸுக்குச் சலுகை, நிர்வாகியின் ப்ராசஸுக்குச் சலுகை, முன்னுரிமை குறைந்ததற்குத் தண்டனை என்று பல சங்கதிகள். ஒரு ப்ராசஸ் நிறையப் பிள்ளைகளைப் பெற்றிருந்தால், பிள்ளைகளின் செலவில் பாதியைப் பெற்றவர் கணக்கில் எழுதினார்கள். நம்மில் பலருக்கு இது பழக்கமான கணக்குதான். அதோடு, நிஜமாகப் பயன்படுத்தியதைப் பார்க்காமல், கேட்டு வைத்த மொத்த அளவைப் பார்த்து மார்க் போட்டார்கள். அழைப்பிதழை வைத்துச் சாப்பாட்டுக் கணக்கு எழுதுவது போல. விளைவாக, கேட்டதைத் தவிர வேறு குற்றம் செய்யாதவர்களும், பல பிள்ளைகளுக்குப் பெற்றவர்களும் அடிக்கடி மாண்டார்கள்.

பழைய லினக்ஸ்களின் வாக்குமூல வரியில் ஒரு சொற்றொடர் இருந்தது. இன்ன ப்ராசஸைக் கொல், "அல்லது அதன் பிள்ளையைப் பலி கொடு" என்று எழுதும். தேர்ந்தெடுத்த ப்ராசஸுக்குப் பிள்ளை இருந்தால், பெற்றவரை விட்டுவிட்டு முதலில் பிள்ளையைக் கொன்று பார்ப்பார்கள். பெற்றவர் செய்துவைத்த வேலையாவது மிஞ்சட்டும் என்ற எண்ணம். 2019-இல் அந்த விதியை நீக்கிவிட்டார்கள். மகன் இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நினைவகம் தீர்ந்ததற்குப் பேரன் மீது கை ஓங்கிய நானும் அதே பழைய விதியைத்தானே கையாண்டேன்?

ஒன்பதாம் எண்

கொல்வதற்கு அனுப்பும் செய்தி ஒன்பதாம் எண் சிக்னல். நம் ரயில்வே சிக்னல் அல்ல; ப்ராசஸ்களுக்குக் கெர்னல் தரும் தகவலுக்கும் அங்கே சிக்னல் என்றே பெயர். பதினைந்தாம் எண் சிக்னல் மரியாதையானது. "முடித்துக்கொள்ளுங்கள், சேமிக்க வேண்டியதைச் சேமித்துவிட்டுப் போங்கள்" என்று பொருள். ஒன்பதாம் எண்ணை மறுக்கவோ தள்ளிப்போடவோ முடியாது. அந்த நெருக்கடியில் மரியாதையானதை ஏன் அனுப்புவதில்லை என்றால், சேமித்து மூட்டை கட்டவும் நினைவகம் வேண்டுமே! அதுதான் இல்லையே. உங்கள் பிள்ளைகள் யாராவது ஐ.டி.யில் இருந்தால் 137 என்ற எண்ணைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். 128-உடன் இந்த ஒன்பதைக் கூட்டினால் வருவது அது. கன்டெய்னர் என்னும் தடுப்புக்குள் ஓடும் சர்வர் புரோகிராம் நினைவக வரம்பை மீறிக் கொல்லப்பட்டால், நடுராத்திரியில் அவர்களை எழுப்பும் எண்.

கொல்லப்பட்டவர் உடனே இடத்தைக் காலி செய்யாமல் எதற்கோ காத்துக்கொண்டு நின்றுவிடுவதும் உண்டு. அதற்காக 2016-இல் ஒரு தனி வேலையாளைச் சேர்த்தார்கள். இறந்தவர் எழுந்து போகும்வரை காத்திராமல் அவர் நினைவகத்தை மீட்டுக்கொள்வது இந்த ஆளின் வேலை.

இத்தனைக்கும் பிறகும், கடைசி நிமிடம் வரை காத்திருந்து கொல்வது தாமதமான வைத்தியம்தான். 2018-இல் லினக்ஸில் ஒரு புது அளவுகோல் வந்தது. நினைவகத்துக்காகக் காத்திருந்து வேலைகள் எவ்வளவு நேரம் நின்று போகின்றன என்று அது அளக்கிறது. இந்த அளவைப் பார்த்து, இயந்திரம் உறைவதற்கு முன்பே ஒரு ப்ராசஸை இறக்கிவிடும் காவல் புரோகிராம்கள் இப்போது உள்ளன. ஹோம் சிக்னலில் பிடிப்பதற்குப் பதிலாக டிஸ்டன்ட் சிக்னலிலேயே எச்சரிப்பது என்று என் மொழியில் சொல்வேன்.

கையிலிருக்கும் போனில்

ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான். ஆனால் அங்கே கணக்கு வேறு. பெரிய இலை யாருடையது என்பதைவிட, சொந்தக்காரர் இப்போது எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதே முக்கியம். திரையில் தெரியும் ஆப்புக்கு எண் 0. திரையில் இல்லாவிட்டாலும் காதில் விழும் பாட்டு போன்றவற்றுக்கு 200. வீட்டுத் திரைக்கு 600. சற்றுமுன் பார்த்துவிட்டு வந்ததற்கு 700. எப்போதோ பார்த்து மறந்தவற்றுக்கு 900 முதல் 999 வரை. நினைவகம் குறையக் குறைய, பெரிய எண்காரர்களிலிருந்து ஒவ்வொருவராக இறக்கிவிடுவார்கள். ஐபோனில் இதே வேலையைச் செய்யும் பகுதிக்கு ஜெட்ஸம் என்று பெயர். புயலில் கப்பலைக் காப்பாற்றக் கடலில் வீசும் சரக்குக்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்.

இதிலிருந்து நமக்கு இரண்டு பாடங்கள். ஒன்று, பழைய ஆப்களை நாள் முழுக்கத் தள்ளித் தள்ளி மூடிக்கொண்டிருக்க வேண்டாம். தேவையானபோது போன் தானே இறக்கிவிடும். அடிக்கடி திறப்பதை மூடி மூடித் திறந்தால் பேட்டரிதான் தீரும். இரண்டு, நினைவகம் குறைவான போனில் வங்கிப் பாரத்தையோ பள்ளி விண்ணப்பத்தையோ பாதி நிரப்பிவிட்டு வேறொன்றுக்குத் தாவாதீர்கள். தாவிய கணத்தில் அதன் எண் உயர்ந்துவிடுகிறது. திரும்பி வரும்போது பாரம் வெறுமையாக இருந்தால் அது உங்கள் கைத்தவறு அல்ல.

கண்ட்ரோல் அறையில் இருந்த ஒழுங்கு

ரயில்வே கண்ட்ரோல் அறையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரே பாதையில் பல வண்டிகள் வந்துவிட்டால் யாரை விடுவது, யாரை லூப் லைனில் ஒதுக்குவது என்பதற்கு எழுதி வைத்த வரிசை உண்டு. விபத்து நடந்த இடத்துக்குப் போகும் நிவாரண வண்டிக்கு எல்லோரும் வழிவிட வேண்டும். எக்ஸ்பிரஸுக்குப் பாசஞ்சரும், பாசஞ்சருக்குச் சரக்கு வண்டியும் பொதுவாக ஒதுங்கும். அந்த வரிசையை நெருக்கடி நேரத்தில் யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. அமைதியான நாளில் யோசித்து எழுதி வைத்தது அது.

கண்ட்ரோலருக்கு அந்தக் காகிதம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டிகளின் நீளம் மட்டுமே அவருக்குத் தெரியும். அப்போது நீளமான வண்டி எதுவோ அதை ஒதுக்குவார். அவர் கெட்டவர் அல்ல. அவருக்குத் தெரிந்த அளவில் நியாயமாகத்தான் நடக்கிறார். என் வீட்டுக் கெர்னலும் அப்படித்தான். எந்தப் பக்கத்தில் கார்ட்டூன், எந்தப் பக்கத்தில் அத்தையின் முகம் என்று அதற்கு எப்படித் தெரியும்? எது பெரியது என்று அது அளக்கும். எது முக்கியம் என்பதை நாம்தான் முன்கூட்டியே சொல்லி வைக்கவேண்டும். நான் சொல்லி வைக்கவில்லை.

இப்போது அந்தக் கம்ப்யூட்டரில் மகன் 4 ஜி.பி. ஸ்வாப் கோப்பு அமைத்துக் கொடுத்திருக்கிறான். வீடியோ அழைப்புக்குத் தனிப் புரோகிராம் வைத்து அதற்கு மைனஸ் 500 எழுதியிருக்கிறான். விளையாட்டுகளுக்குப் பிளஸ். நானும் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். முக்கியமான அழைப்பு என்றால் பத்து நிமிடம் முன்பே மற்ற எல்லாப் பக்கங்களையும் மூடிவிடுவேன். ஊரை விட்டு ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி வாழும் நம் போன்றவர்களுக்குக் கல்யாணமும் சாவும் பல சமயம் இந்தக் கண்ணாடித் திரை வழியாகத்தான் வருகின்றன. பத்து நிமிடம் பெரிய செலவு அல்ல.

உண்மை தெரிந்த அன்று மாலை பேரனைக் கூப்பிட்டு, திரையில் இருந்த அந்த வரியைக் காட்டினேன். "நீ தொடலைடா. இதோ பார், இதுதான் செஞ்சிருக்கு. தாத்தா தப்பா கத்திட்டேன்" என்றேன். அவன் அந்த வரியை எழுத்துக்கூட்டிப் படித்தான். பிறகு கேட்டான்: "இது தானே தப்பை ஒத்துக்குதா தாத்தா?"

"ஆமாம். செஞ்சதை எழுதி வச்சிடுது" என்றேன்.

இன்று அவனுக்கு மீசை அரும்பிவிட்டது. எங்கள் இருவரில் லினக்ஸ் அவனுக்குத்தான் அதிகம் தெரியும். அத்தையின் திதி அன்று ஊரோடு வீடியோவில் பேசுவோம். அதற்கு முன் நான் எதுவும் சொல்லாமலே, தன் பக்கங்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டு என் நாற்காலியை இழுத்துப் போடுவான்.